"எனக்கு இடங் கிடைக்குமா?" என்னும் வினாவும் உபாத்தியாயர் கடமையும்

உயர்தர வகுப்பிலே கற்பிக்கும் உபாத்தியாயர் ஒவ்வொருவரும் வருடந்தோறும் ஒரு வினாவை எதிர்கொள்கின்றனர். பாடம் முடிந்து ஏனைய மாணாக்கர் வெளியே சென்றபின், ஒரு பிள்ளை மேசையருகே தயங்கி நின்று, "ஐயா, எனக்குச் சருவகலாசாலையில் இடங் கிடைக்குமா?" என்று கேட்கின்றது. பாடத்திலே ஐயம் உண்டாயின் அதனை நீக்கப் புத்தகம் உண்டு. இவ்வினாவுக்கு அத்தகைய புத்தகம் இல்லை. யோசித்து விடை சொல்லப் போதிய அவகாசமும் இல்லை. ஆதலின் நாம் பெரும்பாலும் சொல்வது இரண்டிலொன்று. "ஏன் கிடையாது? நிச்சயம் கிடைக்கும்" என்பது ஒன்று. "அதை இப்போது யோசியாதே, நன்றாகப் படி" என்பது மற்றொன்று. முன்னையது அறியாததனை அறிந்ததுபோலச் சொல்லுதல். பின்னையது அறிந்ததனைச் சொல்லாது மறைத்தல். இவ்விரண்டும் அறத்தின்பாற்படுமா என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட விசாரணை.

இஃது அற்ப விஷயம், இதனைத் தரும விசாரணையாக்குதல் மிகையென்பார் சிலர் உளர். அவர்கள் ஒன்றை நினைத்தல் வேண்டும். சோதிடர் ஒருவர் மழை வருமென்று சொன்னால் அவர் சொல்லைக் கேட்டு மேகம் திரள்வதுமில்லை, கலைவதுமில்லை. உபாத்தியாயர் சொல் அத்தன்மையதன்று. "உனக்குக் கிடையாது" என்று அவர் சொன்ன அன்றிரவே பிள்ளை புத்தகத்தை மூடிவைக்கலாம். "நிச்சயம் கிடைக்கும்" என்று சொன்ன அன்றே தகப்பனார் காணியை ஈடுவைக்கலாம். முன்னுரைத்தவர் சொல்லே முன்னுரைக்கப்பட்ட காரியத்துக்கு ஒரு காரணமாகி விடுகின்றது. சோதிடர் பிழைத்தால் அவர் பெயர் கெடும். நாம் பிழைத்தால் கெடுவது நமது பெயரன்று. அன்றியும், இந்நாட்டிலே சருவகலாசாலை அனுமதிக்காக உயர்தரப் பரீட்சைக்கு மூன்று முறைக்குமேல் தோற்றுதல் கூடாதென்பது விதி. அம்மூன்று முறையையும் எவ்வாறு செலவிடுவது என்று பிள்ளை தீர்மானிப்பது நமது ஒரு வார்த்தையைக் கொண்டேயாம்.

இதனை எழுதத் துணிந்தமைக்குக் காரணம் யான் செய்த ஒரு பிழை. பல வருடங்களுக்கு முன் ஒரு கிராமப் பாடசாலையிலே இணைந்த கணிதம் கற்பித்தேன். அவ்வகுப்பிலே பதினெண்மர் இருந்தனர். அவர்களுள் ஒருவன் எத்தவணையிலும் முதலிடத்தை விட்டு இறங்காதவன்; தகப்பனார் தச்சு வேலை செய்பவர். எந்திரவியல் பீடம் கிடைக்குமா என்று அவன் கேட்டபோது, "தம்பி, நீ போகாவிட்டால் வேறு யார் போவது?" என்று சொன்னேன். முதல் முறையிலே எந்திரவியலுக்கு அவன் புள்ளி போதவில்லை. பௌதிக விஞ்ஞானப் பாடநெறிக்குப் போதியதாயிருந்தது. அதனை ஏற்கலாமா என்று வந்து கேட்டான். "இன்னும் ஒருமுறை எழுது, அது உனக்குக் காணாது" என்று தடுத்தவனும் யானே. இரண்டாம் முறையிலே சிறிது ஏறிற்று. எந்திரவியலுக்கு அப்போதும் போதவில்லை. மூன்றாம் முறையிலே முதல் முறையினுங் குறைந்தது. அதன்பின் ஒருநாள் கடைத்தெருவிலே என்னைக் கண்டு, கோபமின்றி, மிக்க மரியாதையோடு, "ஐயா, அன்றைக்கு நீங்கள் சொன்னது என்னுடைய கணக்கைப் பார்த்தா, அல்லது என்னுடைய முகத்தைப் பார்த்தா?" என்று கேட்டான். யான் விடை சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தே சொன்னேன் என்பது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

என் பிழை யாதென்று பின்னர் ஆராய்ந்தேன். பதினெண்மருள் முதல்வன் என்பது மாத்திரமே யான் அறிந்தது. மாவட்டத்திலே எத்தனை பாடசாலைகள் உண்டோ அத்தனை முதல்வர்களும் உண்டு. பெரிய பாடசாலைகளிலே இருபதாம் இடத்தவனும் நமது முதல்வனுக்கு நிகராயிருத்தல் கூடும். நாம் காண்பது ஒரு வகுப்பு. தெரிவு நடைபெறுவதோ மாவட்டத்திலும் முழுத் தீவிலும். கிணற்றிலே நின்று கடலின் ஆழம் சொன்னவனுக்கும் எனக்கும் பேதம் இல்லை. அம்மட்டோ? தெரிவு எவ்வாறு நடைபெறுகின்றது என்பதையும் யான் நன்கு அறிந்திருக்கவில்லை. உபாத்தியாயருட் பலரும் இவ்விஷயத்திலே என்னைப் போன்றவரே என்று பின்னர்க் கண்டேன். ஆகையாற் சிறிது விரித்துக் கூறுகின்றேன், அறிந்தோர் பொறுத்துக்கொள்க.

2001ஆம் வருடம் தொடக்கம் இந்நாட்டிலே தெரிவுக்குக் கொள்ளப்படுவது இசட் புள்ளியாம். ஒரு பாடத்திலே மாணாக்கன் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றினோர் யாவரதும் இடைப்புள்ளியைக் கழித்து, எஞ்சியதை நியம விலகலால் வகுக்க வருவது அப்பாடத்துக்குரிய இசட் புள்ளி. மூன்று பாடங்களின் சராசரியே பிள்ளையின் இசட் புள்ளியாகும். 70 புள்ளி பெற்ற பாடத்தின் இடை 45, விலகல் 15 எனக் கொள்வோம்; 25ஐ 15ஆல் வகுக்க 1.6667 ஆகும். வேறொரு பாடத்திலே 60 புள்ளியே பெற்றான். ஆனால் அதன் இடை 35, விலகல் 15. அதுவும் 1.6667 ஆகும். ஆகவே 60 என்பது 70க்குக் குறைந்ததன்று. பிள்ளை எவ்வளவு கற்றான் என்பதை இவ்வெண் சொல்வதில்லை. ஏனையோரிலும் எவ்வளவு விலகி நிற்கின்றான் என்பதையே சொல்கின்றது. தன் வேலையை அவன் அறிவான். ஏனையோர் வேலையை அவனும் அறியான், நாமும் அறியோம்.

இனி, இவ்வெண்ணைக் கொண்டு இடங்களைப் பங்கிடுதல். பெரும்பாலான பாடநெறிகளிலே நூற்றுக்கு 40 இடம் முழுத் தீவுக்கும் பொதுவான திறமை வரிசையிலும், 55 இடம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 5 இடம் கல்வி வசதியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் கொடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு பாடநெறிக்கும் இறுதியாகச் சேர்க்கப்பட்ட பிள்ளையின் புள்ளி எதுவோ அதுவே வெட்டுப்புள்ளி எனப்படுவது. இது முன்னரே நாட்டப்பட்ட ஓர் எல்லைக் கல்லன்று. இடங்களின் தொகை, ஏனையோர் பெற்ற புள்ளி, ஏனையோர் எழுதிய விருப்ப வரிசை ஆகிய மூன்றும் சேர்ந்து கடைசியிலே தானாக விழும் கோடு. "சென்ற வருடம் இவ்வளவு, ஆகவே இவ்வருடமும் இவ்வளவு" என்று நாம் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது ஒருவாறு வழிகாட்டுமேயன்றி முடிவுகாட்டாது.

அக்கோடு எவ்வளவு நுண்ணியது என்பதையும் காண்போம். நியம விலகல் 15 ஆகவுள்ள ஒரு பாடத்திலே ஒரு புள்ளி கூடினால் அப்பாடத்தின் இசட் புள்ளி 0.0667 ஏறும், மூன்று பாடங்களின் சராசரியிலே 0.0222 ஏறும். வெட்டுப்புள்ளிக்கு 0.0050 குறைந்தமையால் ஒரு பிள்ளை வெளியே நின்றதாயின் அவன் இழந்தது எவ்வளவு? ஒரு பாடத்திலே கால் புள்ளியிலுங் குறைவு. ஒரு கட்டுரை விடையை இரண்டு பரீட்சகர் திருத்தினால் அவர்களிடையே இதனிலும் பெரிய வேற்றுமை உண்டாகும் என்பதை விடைத்தாள் திருத்தச் சென்ற உபாத்தியாயர் எவரும் அறிவர். அக்காற் புள்ளிக்கு இப்பால் நிற்பவனை வைத்தியன் என்றும் அப்பால் நிற்பவனைத் தகுதியற்றவன் என்றும் உலகம் சொல்கின்றது. உலகம் சொல்லட்டும், விடைத்தாள் திருத்திய நாம் அவ்வாறு சொல்லலாகாது.

கோடு மனிதர் இட்டது என்பதற்கு நமது சரித்திரமே சாட்சி. 1971ஆம் வருட அனுமதியிலே, மருத்துவக் கல்விக்குத் தமிழ்மொழியில் எழுதினோர் 400க்கு 250 பெறவேண்டும் என்றும், சிங்களமொழியில் எழுதினோருக்கு 229 போதும் என்றும் வகுத்தனர். 249 பெற்ற தமிழ்ப் பிள்ளை அவ்வருடம் தகுதியற்றவன் ஆயினான். முதனாள் வரையும் அவனிடத்திலே இருந்த தகுதி மறுநாள் எங்கே போயிற்று? 1974இலே மாவட்டப் பங்கீடு வந்தது. அப்போது முன்னே நின்ற சிலர் பின்னே போயினர், பின்னே நின்ற வேறு சிலர் முன்னே வந்தனர். மன்னார், முல்லைத்தீவு முதலிய இடங்களிலே இரசாயனகூடமின்றிக் கற்ற பிள்ளைகளுக்கு அதனால் உண்டான நன்மையையும் மறைத்தல் நேர்மையன்று. அண்மையிலே, 2011ஆம் வருடப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தாரும் புதிய பாடத்திட்டத்தாரும் தோற்ற, இருசாராரையும் ஒன்றாகக் கொண்டு இசட் புள்ளி கணித்தனர்; 2012இலே உயர் நீதிமன்றம் அதனைத் தள்ளி, இருசாராரையும் வெவ்வேறாகக் கணிக்கும்படி தீர்ப்பளித்தது. விடைத்தாள்கள் பழையனவே, அவற்றிலிட்ட புள்ளிகளும் பழையனவே. கணக்கு மாத்திரம் மாறிற்று.

இவற்றைக் கேட்ட நண்பர் ஒருவர், "அப்படியாயின் ஒன்றும் சொல்லாதிருத்தலே உத்தமம், எல்லாம் விதிப்படி" என்றார். அதனை யான் ஒப்பேன். கோட்டுக்கு மிக அருகே நிற்பவனைப்பற்றி ஒன்றும் சொல்லமுடியாது என்பது உண்மை. தொலைவிலே நிற்பவனைப்பற்றிச் சொல்லமுடியும். மூன்று பாடங்களிலும் சித்தியும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் நூற்றுக்கு 30 புள்ளியும் பெற்று விண்ணப்பிக்கும் தகுதியடைவோருள் ஏறத்தாழ நாலிலொரு பங்கினரே இடம் பெறுகின்றனர். மருத்துவம், எந்திரவியல் என்பவற்றுக்கு இன்னும் மிகச் சிலரே. இரண்டு முறை எழுதியும் மூன்று பாடங்களிலே சாதாரண சித்திக்கு மேற்போகாத ஒருவன் மருத்துவபீடத்துக்காக மூன்றாம் முறையும் இருக்கின்றான் எனின், அவனிடத்திலே "முடிவு யாருக்குத் தெரியும்?" என்று சொல்வது பணிவன்று, கோழைத்தனம். தெரியாததைத் தெரியாது என்பது எவ்வளவு கடமையோ அவ்வளவு கடமை தெரிந்ததைத் தெரியும் என்பதும்.

உபாத்தியாயர் கணிப்பு எத்துணை நம்பத்தக்கது என்பதற்கு அண்மைக்காலத்திலே இங்கிலாந்து தேசத்திலே ஒரு பெரும் பரிசோதனை, ஒருவரும் கருதாமலே, நிகழ்ந்துவிட்டது. அங்கே மாணாக்கர் பரீட்சை எழுதுமுன்னரே சருவகலாசாலைக்கு விண்ணப்பிப்பது வழக்கம். அவர் என்ன பெறுபேறு பெறுவார் என்று உபாத்தியாயர் முன்னதாகவே எழுதியனுப்புவர்; அதனை நம்பி, நிபந்தனையோடு இடம் கொடுக்கப்படும். இக்கணிப்புக்களை ஆராய்ந்து 2016இலே வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, நூற்றுக்கு 16 விண்ணப்பகாரர் விஷயத்திலேயே கணிப்புச் சரியாயிற்று என்றும், ஏறத்தாழ 75 பேர் விஷயத்திலே மிகையாயிற்று என்றும் கண்டது. இதனைப் படித்தபோது எனக்குச் சிறிது ஆறுதல் உண்டாயிற்று என்பதை ஒளிக்கவில்லை. ஆயினும் அதே ஆராய்ச்சி வேறொன்றையும் கண்டது: உயர்ந்த திறமையுடைய பிள்ளைகளுள்ளே வறிய குடும்பத்தவருக்கே உபாத்தியாயர் குறைத்துக் கணித்தல் கூடுதலாயிருந்தது. அதனைப் படித்தவுடன் அவ்வாறுதல் போய்விட்டது.

2020ஆம் வருடத்திலே கொரோனா நோயின் நிமித்தம் அங்கே பரீட்சைகள் நடைபெறவில்லை. ஒவ்வொரு மாணாக்கனுக்கும் கிடைத்திருக்கக்கூடிய பெறுபேற்றையும், பாடந்தோறும் மாணாக்கரின் வரிசையையும் உபாத்தியாயர் எழுதியனுப்பும்படி கேட்கப்பட்டனர். உபாத்தியாயர் தாராளமாகவே எழுதுவர் என்று அஞ்சிய பரீட்சை மேற்பார்வைச் சபையார், அப்பாடசாலையின் சென்ற வருடங்களின் பெறுபேறுகளைக்கொண்டு அவற்றைத் திருத்த ஒரு கணக்குமுறையை அமைத்தனர். ஓகஸ்டு மாதம் 13ஆந் திகதி பெறுபேறு வெளியாயிற்று. உபாத்தியாயர் எழுதிய தரங்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 40 குறைக்கப்பட்டிருந்தன. சென்ற வருடங்களிலே எவரும் உயர்ந்த தரம் பெறாத பாடசாலையிலே ஒரு கெட்டிக்காரப் பிள்ளை தோன்றினால், அக்கணக்கு அவனைக் காணமாட்டாது. அவனுக்கு முன் அங்கே கற்றவர்களையே அது கண்டது. மாணாக்கர் தொகை மிகச் சிறிதாகவுள்ள வகுப்புக்களிலே கணக்குச் செல்லாது என்று உபாத்தியாயர் தரத்தையே கொண்டனர்; அத்தகைய சிறிய வகுப்புக்கள் பணம் வாங்கும் தனியார் பாடசாலைகளிலேயே அதிகம். பிள்ளைகள் வீதியிலே இறங்கினர். நான்கு நாளிலே, 17ஆந் திகதி, அரசாங்கம் அக்கணக்கைக் கைவிட்டு, உபாத்தியாயர் தரத்தையே ஏற்றது. அதன் பயனாக, முந்திய வருடம் நூற்றுக்கு 25 அளவினவாயிருந்த மிகவுயர்ந்த இரண்டு தரங்களும் அவ்வருடம் 38 அளவுக்கு ஏறின.

இதனைக்கொண்டு, கணக்குக் கொடியது, உபாத்தியாயர் நல்லவர் என்று ஒருசாரார் சொல்வர். யான் அவ்வாறு கொள்ளவில்லை. கணக்கு, பிள்ளையை விட்டு அவன் பாடசாலையைப் பார்த்தது. உபாத்தியாயர், பிள்ளையை விட்டுத் தம் அன்பைப் பார்த்தனர். இருதிறத்தாரும் மேசையருகே நின்றவனைப் பார்த்தாரல்லர். நாமோ இங்கே இரண்டு பிழையையும் ஒருங்கே செய்பவர். நமக்குப் பிரியமான பிள்ளைக்கு நிச்சயம் என்கின்றோம்; பின்வாங்கிலே இருக்கும் பிள்ளைக்கு, "இந்தப் பாடசாலையிலிருந்து இதுவரை யார் போயினர்?" என்கின்றோம். பின்னையது இங்கிலாந்துச் சபையார் கணக்கே. அதற்கு யந்திரம் வேண்டியதில்லை. நமது நாக்கே போதும். இவ்வாறு சொல்லப்பட்ட ஒரு பெண்பிள்ளை உயிரியலை விட்டுக் கலைப்பிரிவுக்குப் போனதை யான் அறிவேன். கலைப்பிரிவு தாழ்ந்ததன்று, அதனை அவள் தெரிந்து போயிருந்தால் மகிழ்ச்சியே. அவள் தெரிந்து போகவில்லை, அனுப்பப்பட்டாள்.

இதனிலும் இழிந்த ஒன்றும் நடைபெறுகின்றது. பெறுபேற்று வீதம் குறைந்துவிடும் என்று அஞ்சி, மெலிந்த பிள்ளைகளை, "இம்முறை எழுதவேண்டாம்" என்றோ, "தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுது" என்றோ விலக்கிவிடுதல். பெறுபேறு வெளியானவுடன் வாயிலிலே பெரிய பதாகை கட்டி, மருத்துவபீடம் சென்ற மூவர் படத்தை இட்டு, ஏனைய எழுபதின்மரைப்பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதிருத்தலும் அதனோடு சேர்ந்ததே. அங்கே கணிக்கப்படுவது பிள்ளையின் நிலையன்று, பாடசாலையின் கீர்த்தி. பிள்ளை கேட்பது தன்னைப்பற்றி. நாம் சொல்வது நம்மைப்பற்றி. இவ்வாறான விடைக்கு ஒருகாலும் நியாயம் இல்லை. ஆகையால் இதனை விரிக்கவில்லை.

நியாயம் உள்ளதுபோலத் தோன்றுவது அன்பினாற் சொல்லும் பொய்யேயாம். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் மெய்யினிடத்தை அடையும் என்பது திருவள்ளுவர் கருத்தாதலின், பிள்ளையை ஊக்குதற்பொருட்டு "கிடைக்கும்" என்பது குற்றமோ என்று கேட்கலாம். கேள்வி தக்கதே. ஆயின் அங்கே நன்மை என்று வாளா கூறாது, குற்றமற்ற நன்மை என்று வரையறுத்தமை கருதத்தக்கது. ஊக்கம் என்னும் நன்மை உண்டாதல் மெய்யே. அவ்வூக்கத்தின் செலவை யார் கொடுக்கின்றனர்? மூன்று வருடத்தைப் பிள்ளை கொடுக்கின்றான்; நகையைத் தாய் கொடுக்கின்றாள்; சொன்னவருக்கோ ஒரு செலவும் இல்லை. தன் கைப்பொருளிலிருந்து கொடுப்பது கொடை; பிறர் பொருளை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கொடையாளி என்ற பெயரைத் தான் கொள்வது எங்ஙனம் குற்றமற்றதாகும்? அன்றியும், அக்கடைத்தெரு வினாவை மறக்கமுடியவில்லை. பொய் வெளிப்பட்டபின், அதற்குமுன் யான் சொன்ன மெய்களும் அவனிடத்தே செல்லாக்காசாயின. கணக்கிலே அவன் உண்மையாகவே வல்லவன் என்று பல முறை சொல்லியிருந்தேன். அதுவும் முகத்தைப் பார்த்துச் சொன்னதே என்று அவன் எண்ணியிருப்பான்.

மெய்யைச் சொல்லுதல் என்றால் கடுமையாகச் சொல்லுதல் என்று எண்ணுவோரும் உளர். "கழுதை, உனக்கா மருத்துவம்?" என்பது மெய்யாகாது, அதிலே பிள்ளையைப்பற்றிய செய்தி ஒன்றும் இல்லை. மெய்யாவது பிள்ளை எடுத்துச் சென்று பயன்படுத்தக்கூடியதாயிருத்தல் வேண்டும். சில வருடங்களாக யான் செய்துவருவதைச் சொல்கின்றேன். வினா வந்தவுடன் விடை சொல்வதில்லை. "நாளைக்கு உன் தவணை விடைத்தாள்களையும், நீ செய்து பார்த்த பழைய வினாத்தாள்களையும் கொண்டுவா" என்கின்றேன். மறுநாள் இருவரும் இருந்து பார்க்கின்றோம். இழந்த புள்ளிகளிலே அறியாமையால் இழந்தன எவை, நேரம் போதாமையால் இழந்தன எவை, கவனக்குறைவால் இழந்தன எவை என்று வேறாக்குகின்றோம். பின்னர்ச் சென்ற சில வருடங்களின் மாவட்ட வெட்டுப்புள்ளிகளை எடுத்து வைக்கின்றோம். அவற்றுள் மிகக் குறைந்த வருடத்திலும் எட்டாதது எது, மிகக் கூடிய வருடத்திலும் எட்டுவது எது, இரண்டுக்கும் இடையிலே கிடப்பது எது என்பது அப்போது பிள்ளைக்கே தெரிகின்றது. இடையிலே கிடப்பதைப்பற்றி, "இஃது எனக்குத் தெரியாது, ஒருவருக்கும் தெரியாது, உன்னைப்போன்ற பத்துப்பேருள்ளே சிலருக்குக் கிடைக்கும், சிலருக்குக் கிடையாது, நீ எவருள் ஒருவன் என்பதை இத்தாள் சொல்லவில்லை" என்று சொல்கின்றேன். இவ்வாறு சொன்னமையாற் பிள்ளை மனம் உடைந்ததை யான் இதுவரை கண்டிலேன். சிலர் சிறிதுநேரம் மௌனமாயிருந்துள்ளனர், அவ்வளவே.

விண்ணப்பம் நிரப்பும் காலத்தில் நேரும் ஒரு பிழையையும் இங்கே கூறுதல் பயன்படும். "மருத்துவத்தை முதலாவதாக எழுதிக் கிடையாவிட்டால் மற்றதும் போய்விடும்" என்று அஞ்சி, பிள்ளைகள் தாம் விரும்பியதை விட்டுக் கிடைக்கும் என்று எண்ணியதை முதலில் எழுதுகின்றனர். உபாத்தியாயரும் சிலர் அவ்வாறே எழுதுவிக்கின்றனர். இவ்வச்சத்துக்கு ஆதாரமில்லை. இசட் புள்ளி வரிசைப்படி ஒருவருடைய முதல் விருப்பம் நோக்கப்படும். அது கிட்டாவிடின் இரண்டாவது நோக்கப்படும். முதலாவதை எழுதியமையால் இரண்டாவதற்குரிய உரிமை குறைவதில்லை. ஆகவே விருப்ப வரிசையிலே கணிப்புக்கு வேலையில்லை; மெய்யான விருப்பத்துக்கே வேலை. உனக்கு எது வேண்டும் என்று கேட்கவேண்டிய இடத்திலே உனக்கு எது கிடைக்கும் என்று சொல்லிப் பழகிவிட்டோம். கட்டடக்கலை முதலிய சில பாடநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சை வேறாக உண்டு. அதற்கு விண்ணப்பிக்கும் திகதியைச் சொல்ல மறந்து பிள்ளையின் வழியை அடைத்துவிடுதல், எந்தப் பிழையான கணிப்பிலும் பெரிய பிழை.

எட்டாதது எட்டாது என்று சொன்னபின் எழுந்து போய்விடவும் கூடாது. தேசிய கல்வியியற் கல்லூரிகள், தொழினுட்பக் கல்லூரிகள், திறந்த பல்கலைக்கழகம், தாதியர் பயிற்சி என்பவற்றின் நிபந்தனைகள் நமது மேசையிலே எப்போதும் இருத்தல் வேண்டும். "அது இல்லை" என்று சொல்ல அதிகாரம் உடையவனுக்கு "இது உண்டு" என்று காட்டும் கடனும் உண்டு. இவற்றைத் தோற்றவர் போகும் இடங்கள் என்னும் குரலிலே சொன்னால், சொல்லாமலிருத்தலே நன்று.

எஞ்சியது பெற்றோர் விஷயம். இதுவே எனக்கு இன்றும் கடினம். பிள்ளையிடம் தாளை விரித்துச் சொன்னவற்றைத் தகப்பனாரிடம் சொல்ல நாவெழுவதில்லை. அவர் தோளிலே சால்வையோடு, மெழுகு பூசிய பழைய கதிரையிலே முன்விளிம்பில் இருந்துகொண்டு, "மாஸ்டர், நீங்கள் ஒரு சொல் சொன்னாற் போதும்" என்கின்றார். அவர் கேட்பது தகவலன்று. இவ்வளவு காலமும் தாம் பட்ட பாடு வீணன்று என்னும் சொல்லையே கேட்கின்றார். அச்சொல்லை மெய்யாகவே சொல்லலாம் என்று எனக்குப் பிந்தியே தோன்றிற்று. ஏனெனின் அவர் பாடு வீணோ அன்றோ என்பது வெட்டுப்புள்ளியைப் பொறுத்ததன்று. ஆதலின் இப்போது பிள்ளையையும் அருகே இருத்தி, முதலில் அதனைச் சொல்லி, பின்னர் அதே தாள்களை அவர் முன்னும் விரிக்கின்றேன். சென்ற மாதம் ஒருவர் நெடுநேரம் அவ்வெண்களைப் பார்த்திருந்துவிட்டு, மகனை நோக்கி, "உனக்கு என்னதான் விருப்பம்?" என்று கேட்டார். பதின்மூன்று வருடம் பாடசாலைக்கு அனுப்பியவர் அன்றுதான் அதனைக் கேட்டார்போலும். பையன் என்னைப் பார்த்தான். யான் யன்னலைப் பார்த்தேன்.